எனக்காகக் காத்திருப்பவர் யார்?

(கடல் ஞாயிறன்று ஒலிபரப்பான வானொலி மறையுரை)

வாசகங்கள்: திருத்தூதர் பணிகள் 27:1-44, 28:1-16



ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றை நம் திருஅவை கடல் ஞாயிறாகச் சிறப்பிக்கிறது. கடலில் உழைக்கும் மக்களுக்காகவும், அவர்களை வழியனுப்பிவிட்டுக் கரையில் நாள்களை எண்ணிக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்காகவும் இன்று நாம் செபிக்கிறோம். கடல் என்றதும் புயலும் அலையும் நம் நினைவுக்கு வரும். ஆனால் கப்பலுக்குப் போகிறவர்களின் வீடுகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தக் காலத்தில் அவர்களுடைய முதல் புயல் கடலில் அடிப்பதில்லை. விமான நிலையத்திலேயே அடித்துவிடுகிறது.

ஆம், அன்பார்ந்தவர்களே. இன்று கப்பல் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் விமானம் ஏறுகிறார்கள். தூத்துக்குடியிலோ குமரி மாவட்டத்திலோ பிறந்த ஒரு மாலுமி, சிங்கப்பூரிலோ துபாயிலோ ராட்டர்டாமிலோ போய்த்தான் தன் கப்பலில் கால் வைக்கிறார். அந்தக் கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நேரமோ மிகக் குறைவு. சரக்குப் பெட்டகக் கப்பல்கள் பல, ஒரு நாள்கூட முழுதாக நிற்பதில்லை. தளத்துக்கு நேரம் குறிக்கப்பட்டிருக்கும். கப்பலை வெளியே கொண்டுபோகும் பைலட்டுக்கு நேரம் குறிக்கப்பட்டிருக்கும். அந்த இடத்துக்கு அடுத்த கப்பல் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும். பேருந்து நடத்துநரிடம் "அண்ணே, ஒரு நிமிஷம்" என்று சொல்வதுபோல் கப்பலிடம் சொல்ல முடியாது. விமானம் தாமதமானால் கப்பல் போய்விடும்.

அப்படிக் கப்பலைத் தவறவிட்டு, மூட்டை முடிச்சுகளோடு விமான நிலைய நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நம்முடைய நம்பிக்கை என்ன சொல்கிறது? இதைத்தான் இன்று நாம் சிந்திக்கப்போகிறோம். இரண்டு கேள்விகளை உங்கள் முன் வைக்கிறோம். எனக்காகக் காத்திருப்பவர் யார்? என்னோடு காத்திருப்பவர் யார்? தடைபட்ட பயணத்தில் இந்த இரண்டையும் கேட்கத் தெரிந்தவர், வீணாகக் காத்திருப்பதில்லை.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

நம் பங்கைச் சேர்ந்த ஓர் இளைஞர், இயந்திர அறையில் ஆயிலராக வேலை செய்பவர். இரண்டாவது ஒப்பந்தத்துக்குப் புறப்பட்டார். முத்துநகர் விரைவு வண்டியில் சென்னை போய், அங்கிருந்து சிங்கப்பூர் போய், மறுநாள் காலையில் கப்பல் ஏறவேண்டும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம். சென்னையில் மழை கொட்டித் தீர்த்தது. விமானங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டன. இரவு பதினொரு மணிக்கு அவருடைய தாய் நம்மை அழைத்தார். "பிளேன் போகாதுன்னு சொல்லிட்டாவளாம் சாமி. கப்பலு நிக்காதாம். ஜெபம் பண்ணுங்க சாமி" என்று அழுதார். அந்தக் கண்ணீருக்குக் காரணம் உண்டு. மகன் கடல் படிப்புப் படிக்க வைத்த நகை இன்னும் மீட்கப்படவில்லை. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கப்பல் போனால் அடுத்த கப்பல் எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்?

அந்த இளைஞரிடம் நாம் பேசினோம். ஆறுதல் சொல்லலாம் என்று அழைத்தோம். வேலையைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும்தான் அவர் கவலைப்படுவார் என்று யாரும் எண்ணுவார்கள். அவர் சொன்னது வேறு. "சாமி, அங்க ஒருத்தர் எனக்காக நிக்கிறாரு. நான் போய் ஏறினாத்தான் அவரு இறங்க முடியும். அவரு மகளுக்குப் புதுநன்மை சாமி. ஒம்பது மாசமா அந்த ஒரு நாளத்தான் எண்ணிட்டு இருந்திருக்காரு" என்றார்.

அந்த மற்றவர் பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. கப்பல்காரர்களின் பேச்சில் இவருக்கு 'ரிலீவர்' என்று பெயர். விடுவிக்க வருபவர் என்று பொருள். இவர் சைன் ஆன் செய்யாமல் அவர் சைன் ஆஃப் செய்ய முடியாது. ஒரு கப்பலில் இருக்கவேண்டிய ஆட்களின் எண்ணிக்கை குறைந்தால் அந்தக் கப்பல் நகரக்கூடாது என்பது சட்டம். ஆகவே சென்னையில் பெய்த மழை, மணிலா பக்கத்தில் ஒரு சிறுமியின் புதுநன்மை நாளில் தந்தையின் நாற்காலியைக் காலியாக்கிவிட்டது.

என்ன நடந்தது என்றும் சொல்லிவிடுகிறோம். கப்பல் சிங்கப்பூரை விட்டுப் புறப்பட்டுவிட்டது. நிறுவனம் நம் இளைஞரைக் கைவிடவில்லை. சில நாள்கள் கழித்துக் கொழும்புத் துறைமுகத்தில் அவரைக் கப்பல் ஏற்றினார்கள். அந்தப் பிலிப்பைன்ஸ் சகோதரர் அங்கே இறங்கினார். புதுநன்மை முடிந்துபோயிருந்தது. ஆனாலும் அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லையாம். பம்புகளையும் வால்வுகளையும் ஒவ்வொன்றாகக் காட்டி, எது அடிக்கடி மக்கர் செய்யும் என்று சொல்லிக்கொடுத்து, இவர் தோளைத் தட்டிவிட்டு ஏணி இறங்கிப் போனாராம்.

அந்தத் தந்தையின் இழப்பை நாம் மெழுகிப் பூசிப் பேசவேண்டாம், அன்பார்ந்தவர்களே. புதுநன்மை வாழ்வில் ஒருமுறைதான். அந்த நாள் திரும்பி வராது. ஆனால் அந்த இரவில் நம் இளைஞர் கேட்ட கேள்வி நம் எல்லாருக்கும் பாடம். அவருடைய பயணம்தான் நின்றுபோயிற்று. அவருடைய மனம் மட்டும் தன்னிடத்திலேயே நின்றுவிடவில்லை. முகம் தெரியாத ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. நம் பயணம் தடைபடும்போது நாம் பெரும்பாலும் நம் இழப்பையே கணக்குப் பார்க்கிறோம். என் பணம், என் நேரம், என் திட்டம் என்கிறோம். நம் வருகையை நம்பி மறுமுனையில் நிற்பவரை நாம் நினைப்பதில்லை.

இது ஒரு மாலுமியின் கதை மட்டுமன்று. 2020-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். கொரோனா பெருந்தொற்றால் நாடுகள் எல்லைகளை மூடின. விமானங்கள் தரையில் நின்றன. அப்போதும் கப்பல்கள் ஓடிக்கொண்டிருந்தன. உலக வணிகச் சரக்கில் 80 விழுக்காட்டுக்கும் மேல் கடல் வழியாகத்தான் போகிறது. நாம் வீட்டுக்குள் இருந்தபோது நம் அடுப்பு எரிந்ததும், மருத்துவமனைக்கு மருந்து வந்ததும் யாரால்? கப்பலில் இருந்தவர்களால். ஆனால் அவர்களை இறக்கிவிடவும், மாற்று ஆள்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கவும் விமானம் இல்லை. விமானம் இருந்த இடத்தில் விசா இல்லை. விசா இருந்த இடத்தில் துறைமுகம் கதவைத் திறக்கவில்லை. அந்த ஆண்டின் இறுதியில், ஒப்பந்தம் முடிந்தும் கப்பலை விட்டு இறங்க முடியாமல் ஏறத்தாழ 4,00,000 மாலுமிகள் இருந்ததாகப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு கணக்கிட்டது. ஏறக்குறைய அதே எண்ணிக்கையினர், கப்பல் ஏற முடியாமல் வருமானமின்றி வீடுகளில் இருந்தார்கள். ஒரு மாலுமி தொடர்ந்து 12 மாதங்களுக்கு மேல் கப்பலில் இருத்தப்படக்கூடாது என்பது 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின் நெறி. அந்த நாள்களில் 17 மாதங்களைக் கடந்தும் கரை இறங்காதவர்கள் இருந்தார்கள்.

ஏறத் துடித்தவர்கள் ஒருபக்கம், இறங்கத் துடித்தவர்கள் ஒருபக்கம். நடுவில் ஒரு விமானப் பயணம். அது இல்லாமல் போனதால் இரண்டு பக்கமும் குடும்பங்கள் வாடின.

அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் மாலுமிகளுக்கும் மீனவர்களுக்கும் ஒரு காணொளிச் செய்தி விடுத்தார். நீங்கள் தனியாக இல்லை, மறக்கப்படவும் இல்லை என்பதே அதன் சாரம். 1920-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்த கடல்சார் திருத்தூதுப் பணி, இன்று ஸ்டெல்லா மாரிஸ், அதாவது கடலின் விண்மீன் என்னும் பெயரில் உலகெங்கும் துறைமுகங்களில் பணியாற்றுகிறது. அதன் நூற்றாண்டும் அதே 2020-ஆம் ஆண்டில்தான் வந்தது. கப்பலுக்குள் ஏற அனுமதி இல்லாத நாள்களில் துறைமுக ஆன்ம வழிகாட்டிகள் ஏணியின் அடியிலேயே பொருள்களை வைத்துவிட்டு, கீழே நின்று கையசைத்து, மேலே நின்றவர்களுக்கு ஆசீர் அளித்தார்கள். மறக்கப்படவில்லை என்ற சொல்லுக்கு அந்தக் கையசைப்பே விளக்கம்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். என்னோடு காத்திருப்பவர் யார்?

இன்றைய வாசகத்தைக் கவனியுங்கள். புனித பவுல் உரோமைக்குப் போகிறார். போகவேண்டும் என்ற ஆசை அவருக்குப் பல ஆண்டுகளாக உண்டு. உரோமையருக்கு எழுதிய திருமுகத்திலேயே, உங்களிடம் வரப் பலமுறை திட்டமிட்டேன், தடைபட்டுப்போனது என்று அவர் குறிப்பிடுகிறார். கடைசியில் போக வாய்த்தபோது கைதியாகப் போகிறார். செசரியாவில் ஒரு கப்பல் ஏறுகிறார்கள். மிராவில் இறங்கி வேறு கப்பலுக்கு மாறுகிறார்கள். நாம் இன்று ஒரு விமானத்திலிருந்து இறங்கி இன்னொரு விமானம் ஏறுவதுபோலத்தான். காற்று எதிராக வீசுகிறது. பல நாள்கள் மெல்ல மெல்ல நகர்கிறார்கள். கிரேத்துத் தீவில் ஒரு துறையில் ஒதுங்குகிறார்கள். பருவம் தவறிவிட்டது, இனிப் போனால் ஆபத்து என்று பவுல் எச்சரிக்கிறார். நூற்றுவர் தலைவரோ கப்பலோட்டியின் சொல்லையும் கப்பல் உரிமையாளரின் சொல்லையும் நம்புகிறார். பிறகு புயல். பதினான்கு நாள்கள். கதிரவனும் தெரியவில்லை, விண்மீனும் தெரியவில்லை.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? இந்தப் பயணத்தை எழுதிய லூக்கா, "நாங்கள்" என்றே எழுதுகிறார். நாங்கள் ஏறினோம், நாங்கள் அலைக்கழிக்கப்பட்டோம், நாங்கள் கரை சேர்ந்தோம் என்கிறார். அந்த "நாங்கள்" யார் யார்? கைதிகள், படைவீரர்கள், மாலுமிகள், கப்பல் உரிமையாளர், பவுல், லூக்கா. மொத்தம் 276 பேர் என்று எண்ணிச் சொல்கிறார். விலங்கு மாட்டியவரும் மாட்டப்பட்டவரும் அதில் உண்டு. புயல் அவர்களை ஒரே "நாங்கள்" ஆக்கிவிட்டது.

அங்கே பவுல் என்ன செய்தார்? "நான் அப்போதே சொன்னேனே, கேட்டீர்களா?" என்று ஒருமுறை நினைவூட்டுகிறார். அதோடு விட்டுவிடுகிறார், குத்திக்காட்டிக்கொண்டே இருக்கவில்லை. எவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று திடப்படுத்துகிறார். பட்டினி கிடந்த எல்லாரையும் சாப்பிடச் சொல்கிறார். எல்லார் முன்னிலையிலும் அப்பத்தை எடுத்து, கடவுளுக்கு நன்றி கூறி, பிட்டு, முதலில் தாமே உண்ணத் தொடங்குகிறார். அதைப் பார்த்து மற்றவர்களும் மனம் தேறி உண்டார்கள். கப்பல் உடைந்தது, ஆனால் 276 பேரும் கரை சேர்ந்தார்கள்.

மால்தா தீவில் மூன்று மாதம் காத்திருந்தார்கள். மழையும் குளிரும் என்று தீவினர் தீ மூட்டி அவர்களை வரவேற்றார்கள். அந்தத் தீவின் தலைவர் புப்பிலியுவின் தந்தை காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் படுத்திருந்தார். பவுல் அவரிடம் போய், செபித்து, கைவைத்துக் குணமாக்கினார். தீவிலிருந்த மற்ற நோயாளிகளும் வந்தார்கள். பவுலின் பயணத் திட்டத்தில் மால்தா என்ற பெயரே இருக்கவில்லை. தடைபட்ட பயணத்தில் அவருக்குக் கிடைத்த மக்கள் அவர்கள்.

முடிவில் இன்னோர் அழகான காட்சி வருகிறது. பவுல் வருகிறார் என்று கேள்விப்பட்ட உரோமைச் சகோதரர்கள், ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவிலிருந்த அப்பியு சந்தை வரை அவரை எதிர்கொள்ள வந்தார்கள். அவர்களைக் கண்டதும் பவுல் கடவுளுக்கு நன்றி கூறித் துணிவு பெற்றார் என்று வாசிக்கிறோம். புயலில் எல்லாருக்கும் துணிவூட்டியவருக்கு, தமக்காகக் காத்திருந்தவர்களின் முகம் துணிவூட்டியது. தாமதமாகி வரும் பிள்ளையை நிலையத்துக்கே போய் அழைத்துவரும் பெற்றோர்களே, நீங்கள் செய்வதும் அதுதான்.

அன்பார்ந்தவர்களே, நம் முத்துக்குளித்துறை மக்களுக்கு இந்தப் பாடம் இன்னும் நெருக்கமானது. ஏனெனில், புறப்படாமல் போன ஒரு கப்பல்தான் புனித சவேரியாரை நம் கரைக்குக் கொண்டுவந்தது.

1534-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று, புனித இஞ்ஞாசியாரும் சவேரியாரும் தோழர்களும் பாரிஸ் நகரின் மோன்மார்த்தர் குன்றில் ஒரு வாக்குறுதி எடுத்தார்கள். எருசலேமுக்குப் போய்ப் பணி செய்வது. அது முடியாமற்போனால் திருத்தந்தை எங்கே அனுப்பினாலும் போவது. 1537-இல் கப்பல் ஏற வெனிஸ் நகரில் கூடினார்கள். கப்பல் புறப்படக் காத்திருந்த அந்த மாதங்களில் என்ன செய்தார்கள்? மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கழுவினார்கள், படுக்கை விரித்தார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். வெனிசுக்கும் துருக்கியருக்கும் போர் மூண்டது. திருப்பயணிகளின் கப்பல் புறப்படவே இல்லை. ஆகவே அவர்கள் உரோமைக்குப் போய்த் திருத்தந்தை மூன்றாம் பவுலிடம் தங்களைக் கையளித்தார்கள்.

1540-இல் இந்தியாவுக்கு அனுப்பப்படவிருந்தவர்களில் சவேரியார் இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா? முதலில் குறிக்கப்பட்டவர் பொபதில்யா என்ற தோழர். அவர் நோயுற்றார். அவருக்குப் பதிலாகச் சவேரியார் அனுப்பப்பட்டார். நம் மாலுமிகளின் சொல்லில் சொன்னால் சவேரியார் ஒரு ரிலீவர்! மார்ச் மாதத்தில் உரோமையை விட்டுப் புறப்பட்டவர், லிஸ்பனில் அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை கப்பலுக்காகக் காத்திருந்தார். 1541 ஏப்ரல் 7-ஆம் நாள் கப்பல் ஏறினார். பருவக்காற்று தவறியதால் மொசாம்பிக் தீவில் ஏறத்தாழ ஆறு மாதம் தங்கவேண்டியதாயிற்று. அங்கேயும் மருத்துவமனையில் நோயாளிகளுக்குப் பணி செய்தார். தாமே காய்ச்சலில் விழுந்தார். 1542 மே 6 அன்றுதான் கோவா வந்து சேர்ந்தார். அந்த ஆண்டிலேயே நம் பரதவ மக்களிடம் வந்தார்.

காத்திருந்த இடத்திலெல்லாம் மருத்துவமனையைத் தேடிப் போனவர் அவர். கப்பல் எப்போது வரும் என்று கடலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. தம்மோடு காத்திருந்தவர்களுள் மிகவும் துன்புறுபவர் யார் என்று பார்த்தார்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. "எல்லாம் கடவுள் சித்தம், சாமி" என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். மழையும் காற்றும் எரிமலையும் மனிதர் கையில் இல்லை, உண்மைதான். 2010-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஐஸ்லாந்து நாட்டில் பனியாற்றுக்கு அடியில் இருந்த ஓர் எரிமலை வெடித்துச் சாம்பல் எழுந்தபோது, ஐரோப்பிய வான்வெளி ஏறத்தாழ ஆறு நாள்கள் முடங்கியது. சாம்பல் என்றாலும் அது அடுப்புச் சாம்பல் போன்றதன்று. பொடியான கண்ணாடி போன்றது. விமான இயந்திரத்தின் வெப்பத்தில் உருகி, உள்ளே ஒட்டி, இயந்திரத்தையே நிறுத்திவிடும். ஏறத்தாழ 1,00,000 விமானங்கள் பறக்கவில்லை. ஒரு கோடிப் பயணிகள் வழியில் தவித்தார்கள். அப்போது ஒரு புது உல்லாசக் கப்பலை, அதன் அறிமுக நிகழ்ச்சிகளை நிறுத்திவிட்டு, ஸ்பெயினின் பில்பாவோ துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சிக்கியிருந்த ஏறத்தாழ 2,000 பேரை ஏற்றிக்கொண்டு அது இங்கிலாந்து திரும்பியது. விமானம் தவறியவர்களைத் தேடிக் கப்பலே வந்தது! சாம்பலை மனிதர் தடுக்க முடியவில்லை. கப்பலைத் திருப்பிவிட முடிந்தது.

இதுதான் வேறுபாடு. தடை எங்கிருந்து வந்தாலும், தடைபட்டவரை என்ன செய்வது என்பது நம் கையில் இருக்கிறது. 2020-இல் மாலுமிகள் தவித்தது நோயினால் மட்டுமன்று. அவர்களைக் கண்ணுக்குத் தெரியாதவர்களாக வைத்திருந்த அரசுகளின் தயக்கத்தாலும்தான். அந்த ஆண்டு டிசம்பர் முதல் நாளன்று ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை, மாலுமிகளை இன்றியமையாப் பணியாளராக அறிவிக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. மனிதர் செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டுவிட்டு அதற்குக் கடவுள் சித்தம் என்று பெயர் வைப்பது, கடவுளின் பெயரை வீணாகப் பயன்படுத்துவதாகும்.

இதேபோல் இன்னொன்று. பிள்ளை கப்பலுக்குப் புறப்படும்போது விமானம் தடைபட்டால், "முதல் கோணல் முற்றும் கோணல், இந்தக் கப்பல் வேண்டாம்" என்று சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. அப்படியானால் பவுலின் பயணம் முழுவதும் அபசகுனந்தான்! சவேரியாரின் பயணமும் அபசகுனந்தான்! ஓடுபாதையில் தண்ணீர் நின்றது மழையின் செயல். அதில் பிள்ளையின் எதிர்காலத்தை வாசிக்காதீர்கள். ஏற்கெனவே கலங்கிப்போய் நிற்கும் பிள்ளையின் தோளில் நம் அச்சத்தையும் ஏற்றாதீர்கள்.

அப்படியானால் நாம் செய்யவேண்டியது என்ன? மூன்று காரியங்களைச் சொல்லி முடிக்கிறோம்.

முதலாவது, கப்பலுக்குப் போகும் பிள்ளைகளே, கவனமாகப் புறப்படுங்கள். விவேகமும் ஒரு நற்பண்பு என்று திருஅவை கற்பிக்கிறது. பாஸ்போர்ட், சி.டி.சி., சான்றிதழ்கள், கப்பலில் சேரும் கடிதம் எல்லாவற்றையும் கைப்பையிலேயே வையுங்கள். நிறுவனத்தின் அவசர எண்ணையும், இறங்கும் துறைமுகத்தில் உள்ள கப்பல் முகவரின் எண்ணையும் தாளில் எழுதி வையுங்கள்; கைபேசி அணைந்துபோகலாம். விமானம் தாமதம் என்று தெரிந்த அந்த நிமிடமே அவர்களுக்குத் தகவல் சொல்லுங்கள். மறுமுனையில் உங்களுக்காக நிற்பவருக்கு நீங்கள் செய்யும் முதல் அன்புச் செயல் அந்தத் தகவல்தான். உல்லாசக் கப்பலில் பயணம் போகிறவர்களும், முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே துறைமுக ஊருக்குப் போய்ச் சேருங்கள்.

இரண்டாவது, காத்திருக்கும் இடத்தில் சுற்றிப் பாருங்கள். கைக்குழந்தையோடு ஒரு தாய் இருப்பார். அறிவிப்பு எந்த மொழியில் என்றே புரியாத ஒரு பெரியவர் இருப்பார். முதன்முறையாக வெளிநாடு போகும், யாரிடம் கேட்பது என்று தெரியாத ஒரு தொழிலாளி இருப்பார். மேசைக்கு அந்தப் பக்கம், விமானத்தை நிறுத்தும் அதிகாரமோ பறக்கவிடும் அதிகாரமோ இல்லாத ஓர் இளம்பெண், நூறு பேரின் கோபத்தை வாங்கிக்கொண்டு நிற்பார். அவரும் நம்மோடு காத்திருப்பவர்தான். பவுல் அப்பத்தைப் பிட்டது புயலின் நடுவில். நம் பையில் இருக்கும் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் அங்கே அப்பம்தான்.

மூன்றாவது, பங்கு மக்களாகிய நாம். நம் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளை கப்பலில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். பனிமய மாதா திருவிழாவுக்கு வந்துவிடுவேன் என்று சொன்னவர் வர முடியாமல் போனால், "ஏன் வரல? வேலை போயிட்டா?" என்று அந்த வீட்டு வாசலில் நின்று விசாரிப்பதை விடுத்து, ஒரு நேரச் சாப்பாட்டைக் கொண்டுபோய்க் கொடுங்கள். புதுநன்மை, திருமணம், அடக்கத் திருப்பலி என்று கடலில் இருப்பவர் தவறவிடும் நாள்களில், விசுவாசிகள் மன்றாட்டில் அவருக்காகவும் செபிப்போம். நம் துறைமுகத்துக்கு வரும் வேற்றுநாட்டு மாலுமியும் ஒரு வீட்டுப் பிள்ளையே. அவருக்காகவும் எங்கோ ஒரு தாய் இரவு பதினொரு மணிக்கு யாரையோ அழைத்து அழுதிருப்பார்.

அன்பார்ந்தவர்களே, நமக்காகக் காத்திருப்பவர்களின் வரிசையில் கடைசியாக நிற்பவர் நம் ஆண்டவர். திபேரியாக் கடற்கரையில், இரவெல்லாம் வலை வீசிவிட்டு வெறுங்கையோடு வந்த சீடர்களுக்காகக் கரியில் நெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்துக்கொண்டு அவர் காத்திருந்தார். ஏன் தாமதம் என்று அவர் கேட்கவில்லை. வந்து உணவருந்துங்கள் என்றுதான் அழைத்தார். எவ்வளவு சுற்றி வந்தாலும், எத்தனை பயணம் தவறினாலும், கரையில் அந்த நெருப்பு நமக்காக எரிந்துகொண்டிருக்கிறது.

செபிப்போமாக:

கடலுக்கும் காற்றுக்கும் ஆண்டவரே, இந்த வேளையில் விமான நிலையங்களில் காத்திருக்கும் எல்லாரையும் உம் கண் முன் வைக்கிறோம். கப்பல் ஏற முடியாமல் கலங்குவோருக்குப் பொறுமையையும், கப்பலை விட்டு இறங்க முடியாமல் ஏங்குவோருக்கு விரைவில் விடுதலையையும் தாரும். பிள்ளைகளின் குரலுக்காகக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோருக்கு ஆறுதல் தாரும். பயணங்களைத் திட்டமிடுவோருக்கும் எல்லைகளைக் காப்போருக்கும் இரக்கமுள்ள இதயம் தாரும். கடலின் விண்மீனாம் அன்னை மரியே, போகிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் காத்திருப்பவர்களுக்கும் வழிகாட்டும்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.